டிஸ்க் பழுதில்லை என்று நான் சொன்ன கிழமை

நோன்புக்கு முன் வீட்டுக்குப் பெயின்ட் அடித்தே தீருவது என்று என் கணவர் நின்றார். சவளக்கடையில் எங்கள் வயல் வெட்டி, நெல் மூட்டைகளை ஏற்றி முடிந்திருந்தது. சும்மா இருக்கத் தெரியாத மனிதர் அவர். ஒரு காலையில் வாளியும் கையுமாக முன் அறைக்குள் வந்து, என் கணினி மேசையை இழுத்து நடுவில் விட்டு, எல்லா வயர்களையும் கழற்றி, தன் பழைய சாரன் ஒன்றால் மூடிக் கட்டினார். நான்கு நாள் அது அப்படியே கிடந்தது.

அந்தக் கணினியில்தான் என் தொழில். கல்யாண அழைப்பிதழ், பாடசாலை மலர், வினாத்தாள் என்று சாய்ந்தமருதிலும் கல்முனையிலும் யார் எதைக் கொண்டுவந்தாலும் தட்டச்சுச் செய்து பக்கம் அமைத்துக் கொடுப்பேன். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது வீட்டை விட்டு இறங்காமல் செய்யலாம் என்று தொடங்கியது. பிறகு அதில் எனக்கு ஒரு பிடிப்பு வந்துவிட்டது. ஒரு பந்தியின் கடைசிச் சொல் மட்டும் அடுத்த பக்கத்தில் தனியாக விழுந்து கிடந்தால் எனக்குச் சோறு இறங்காது.

பெட்டி பழையது. என் தம்பி கட்டாரில் ஒரு கம்பனியில் நெட்வேர்க் வேலை பார்க்கிறான். போவதற்கு முன் தான் பாவித்த கணினியை என்னிடம் தந்துவிட்டுப் போனான். "ராத்தா, இதுல விண்டோஸ் போட்டா மூச்சு வாங்கும். லினக்ஸ் போட்டுத் தாறன். வேகமா ஓடும், வைரஸ் வராது. நீங்க தட்டுற வேலைய மட்டும் பாருங்க, மத்த ஒண்டையும் தொடாதீங்க" என்றான். ஆறு வருடமாக நானும் ஒன்றையும் தொடவில்லை. காலையில் சுவர் சுவிட்சைப் போடுவது, வேலை செய்வது, பின்னேரம் கணினியை நிறுத்திச் சுவர் சுவிட்சையும் அணைப்பது. இடிமின்னல் காலத்தில் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி கருகியதைப் பார்த்ததிலிருந்து அந்தச் சுவிட்சை அணைக்காமல் நான் அறையை விட்டு வெளியே வந்ததில்லை.

அந்த மாதம் என் கையில் இருந்தது பெரிய வேலை. பாண்டிருப்பில் ஓய்வு பெற்ற விஞ்ஞான டீச்சர் ஒருவர் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு பயிற்சி நூல் எழுதியிருந்தார். எல்லாம் கையெழுத்து, ஒன்பது கொப்பிகள். இருதயத்தின் படம், மின்சுற்று, தாவர இலையின் குறுக்குவெட்டு என்று ஒவ்வொரு படத்தையும் நான் கணினியில் திரும்ப வரைந்தேன். நான்கு மாத வேலை. அச்சகக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார், தலைநோன்பு என்கிற முதல் நோன்புக்கு முன் கோப்பு வந்தால் பாடசாலைத் தவணை தொடங்கும்போது புத்தகம் வரும், பிந்தினால் பெருநாள் கழிந்துதான் அச்சையே தொடங்குவேன் என்று. இன்னும் பதினாறு பக்கம் பாக்கி இருந்தது.

பெயின்ட் காய்ந்த திங்கட்கிழமை காலை என் கணவர் மேசையைப் பழைய இடத்தில் வைத்து வயர்களையும் தானே பூட்டினார். அறை இளம்பச்சை. "போட்டுப் பாருங்க புள்ள" என்றார், தானே செய்த கணினி மாதிரி.

போட்டேன். வழமையாக வராத ஓர் ஆங்கில வசனம் வந்து நின்றது. கீழே எஃப் ஒன்று பொத்தானை அழுத்து என்று இருந்தது. நான் வாசிக்கவில்லை. கைத்தொலைபேசியில் விளம்பரத்தைத் தட்டி அகற்றுவதுபோல அழுத்தி அனுப்பினேன். பிறகு திரை கறுப்பாகி வெள்ளை எழுத்துகள் வரிவரியாக ஓடின. ஓடி, ஒரு வரியில் நின்றன. அதற்குக் கீழே ஒரு சின்னக் கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. வழமையாக வரும் நீல நிறப் படமும் இல்லை, என் கோப்புகளும் இல்லை.

"யா அல்லாஹ்" என்றேன்.

"நான் வயர மாறிக் கீறிப் பூட்டிட்டனா?" என்று கணவர் பயந்துபோய்க் குனிந்து பார்த்தார்.

கணினியை நிறுத்தித் திரும்பப் போட்டோம். அதே கறுப்பு. மூன்றாவது முறையும் அதே கறுப்பு. கட்டாரில் தம்பி வேலைக்குப் புறப்படும் நேரம் அது. அழைத்தேன்.

"கடைசி வரி என்ன சொல்லுது ராத்தா? ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க."

கடைசி இரண்டு வரியைக் கிட்டப் பிடித்து எடுத்து அனுப்பினேன். உடனே திரும்ப எடுத்தான்.

"ஒண்டுமில்ல, பயப்பிடாதீங்க. டிஸ்க்க கையால செக் பண்ணச் சொல்லுது. நான் சொல்லுற எழுத்த அப்பிடியே தட்டுங்க. யோசிக்க வேணாம், தட்டுங்க மட்டும்."

எஃப், எஸ், சி, கே என்று அவன் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான். இடைவெளி, சின்னக் கோடு, சரிந்த கோடு என்று அவன் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். கடைசியில் என்டர். திரையில் எழுத்துகள் பாய்ந்து ஓடின, நின்றன. இன்னொரு சொல் சொன்னான். அதையும் தட்டினேன். நீலப் படம் வந்தது.

"வந்திட்டு தம்பி! அல்ஹம்துலில்லாஹ்!"

"ஆ, அவ்வளவுதான்" என்று வைத்துவிட்டான்.

அன்று முழுக்க வேலை செய்தேன். ஆறு பக்கம் முடிந்தது. எல்லாவற்றையும் பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்து வைப்போம் என்று பகல் லுஹர் தொழுகைக்கு முன் நினைத்தேன். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு எடுப்போம் என்றும் நினைத்தேன். எடுக்கவில்லை. பின்னேரம் வழமைபோல நிறுத்தி, சுவர் சுவிட்சை அணைத்தேன்.

செவ்வாய் காலை திரும்பவும் கறுப்புத் திரை.

இந்த முறை தம்பியின் குரல் மாறியிருந்தது. "நேத்துச் செக் பண்ணி இண்டைக்குத் திரும்பக் கேக்குதெண்டா டிஸ்க் போகப் போகுது ராத்தா. பழசுதானே. கடல் காத்து வேற. நேத்துச் சொன்னதையே தட்டித் திறந்து, முதல் வேலையா எல்லாத்தையும் பிரதி எடுங்க. பிறகு கடையில குடுத்து வேற டிஸ்க் போடச் சொல்லுங்க."

"வேற வழி இல்லையா?"

"ராத்தா, நான் இதுலதானே வேலை செய்யிறன். சொன்னாக் கேளுங்க."

கேட்டேன். முந்திய நாள் எழுத்துகளை ஒரு காகிதத்தில் குறித்து வைத்திருந்தேன். அவற்றைத் தட்டித் திறந்தேன். இரண்டு பென் டிரைவில் எல்லாவற்றையும் பிரதி எடுத்தேன். கோப்புகள் பத்திரமாகிவிட்டன. ஆனால் அதோடு தீரவில்லை. புது டிஸ்கிலோ வேறு கணினியிலோ, வேறு எழுத்துருவில் அந்த நூலைத் திறந்தால் வரிகள் நகரும், படங்கள் இடம் மாறும், இருநூறு பக்கத்தையும் முதலிலிருந்து சரிபார்க்க வேண்டும். அதற்குள் நோன்பு வந்துவிடும்.

அன்று பின்னேரம் டீச்சர் ஓட்டோவில் வந்தார். சரிபார்த்த பக்கங்களைக் கொண்டுவந்திருந்தார். கணினி பற்றிச் சொன்னதும் அந்தக் கட்டை மெல்ல மேசையில் வைத்தார். பிறகு, "பிந்தினாப் பிந்தட்டும் தங்கச்சி. நீங்க மனச உடைக்காதீங்க. நாலு மாசமா உங்கட கண்ணக் குடுத்துச் செய்த வேலை" என்றார். அவர் ஏசியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

புதன் காலை பெட்டியை ஓட்டோவில் ஏற்றிக் கல்முனைக்குக் கொண்டுபோனேன். பஸாரில் கணினி திருத்துகிற கடை. கடைக்காரர் நாற்பது வயது மதிக்கத்தக்கவர், மரியாதையான மனிதர். பெட்டிக்கு வயர்களைப் பூட்டி, சுவிட்சைப் போட்டார். அவர் விரலும் எஃப் ஒன்றை வாசிக்காமலே அழுத்தியது. கறுப்புத் திரை வந்ததும் தலையை ஆட்டினார்.

"லினக்ஸா? வீட்டுல ஆர் இதப் போட்டுத் தந்த?"

"என்ட தம்பி."

"டிஸ்க் முடிஞ்சிட்டு ராத்தா. புது டிஸ்க் போட்டு, விண்டோஸ் போட்டுத் தாறன். இந்தக் கறுப்புத் திரையோட மல்லுக்கட்டத் தேவையில்ல. வெள்ளிக்கிழமை பின்னேரம் வாங்க."

இரண்டு பேர். இருவரும் தொழில் தெரிந்தவர்கள். இருவரும் ஒரே முடிவு. பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் ஒரு விஷயம் எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. திறந்துவிட்டால் அந்தக் கணினி நாள் முழுக்க ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. சாகப் போகிற டிஸ்க் பகலெல்லாம் ஓடி, காலையில் மட்டும் முரண்டு பிடிக்குமா? எங்கள் வீட்டு நீர்ப்பம்பு பழுதாகப் போன காலத்தில் எந்நேரமும் இருமிக்கொண்டு கிடந்தது. இது அப்படியில்லை.

"நான் யோசிச்சுப் போட்டு வாறன்" என்று பெட்டியைத் திரும்பவும் ஓட்டோவில் ஏற்றினேன். கடைக்காரர் கோபிக்கவில்லை. "டிஸ்க்தான் ராத்தா, பாருங்க" என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் மேசையில் வைத்து வயர்களைப் பூட்டினேன். கணவர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார், பிள்ளைகள் பாடசாலையில். கதவைச் சாத்திக்கொண்டு அமர்ந்தேன். இந்த முறை எந்தப் பொத்தானையும் அவசரமாக அழுத்துவதில்லை என்று முடிவெடுத்தேன். நான் அடுத்தவர் எழுதியதை எழுத்தெழுத்தாகச் சரிபார்க்கிற ஆள். என் சொந்தக் கணினி மூன்று நாளாக எனக்கு எழுதிக் காட்டியதை ஒரு தடவைகூட முழுதாக வாசித்திருக்கவில்லை.

முதல் வசனத்திலேயே நின்றேன். நேரமும் திகதியும் அமைக்கப்படவில்லை என்று சொன்னது அது. அவ்வளவுதான். மூன்று நாளாக நான் அழுத்தி அனுப்பியது இதைத்தான். காகிதத்தில் எழுதிக்கொண்டு எஃப் ஒன்றை அழுத்தினேன்.

கறுப்புத் திரை வந்தது. தம்பி கேட்டது கடைசி வரியை. நான் அனுப்பியதும் கடைசி வரியை. இப்போது மேலே போனேன். நான்கைந்து வரிகளுக்கு மேலே ஒன்று இருந்தது. கைத்தொலைபேசியில் அகராதியைத் திறந்து, தெரியாத சொல்லை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு சொல்லுக்கு மட்டும் அகராதி தேவைப்படவில்லை. பியூச்சர். பாடசாலையில் ஆங்கில டீச்சர் மூன்று காலங்களையும் கரும்பலகையில் எழுதிப் பாடமாக்கச் சொன்னபோது மூன்றாவதாக வந்த சொல்.

டிஸ்கில் கடைசியாக எழுதப்பட்ட நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது என்று சொன்னது அந்த வரி.

ஓரத்தில் இரண்டு திகதிகளையும் அதுவே போட்டிருந்தது. கடைசியாக எழுதப்பட்டது என்பதற்கு நேரே செவ்வாய்க்கிழமையின் திகதி. இப்போது என்பதற்கு நேரே ஒரு ஜனவரி முதலாம் திகதி. வருடம் என் இளைய மகள் பிறப்பதற்கு முந்திய வருடம். அவள் இப்போது ஏழாம் வகுப்புப் படிக்கிறாள்.

தனியாக இருந்த அறையில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். டிஸ்குக்கு ஒன்றுமில்லை. கணினிக்கு இன்றைக்கு என்ன நாள் என்று தெரியவில்லை. அது எழும்பியதும் பழைய ஒரு ஜனவரியில் நிற்கிறது. டிஸ்கைத் திறந்து பார்த்தால் அதில் இன்னும் வராத ஒரு செவ்வாய்க்கிழமை எழுதியிருக்கிறது. இது எப்படி நடக்கும், ஏதோ பிழை, மனிதர் யாராவது வந்து பார்க்கட்டும் என்று நின்றுவிடுகிறது. திறந்த பிறகு இணையத்திலிருந்து சரியான நேரத்தை எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் பகலெல்லாம் சுகமாக ஓடுகிறது. பின்னேரம் நான் சுவர் சுவிட்சை அணைக்கிறேன். காலையில் அது எல்லாவற்றையும் மறந்துபோய் எழும்புகிறது.

கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்தேன். கரண்ட் இல்லாத நேரத்தில் கணினியின் கடிகாரத்தை ஓட வைக்க உள்ளே ஒரு சின்ன வட்ட பேட்டரி இருக்குமாம், பெரிய கைக்கடிகார பேட்டரி மாதிரி. கரண்ட் இருக்கும்வரை அது உழைக்கத் தேவையில்லை. எங்கள் வீட்டில் அது ஒவ்வோர் இரவும் உழைத்து உழைத்துத் தேய்ந்திருக்கிறது. பெயின்ட் அடித்த நான்கு நாளில் மிச்சமும் தீர்ந்திருக்கிறது.

உடனே தம்பிக்கு எழுதினேன். அவன் இடைவேளையில் இருந்தான், அழைத்தான்.

"பேட்டரியா? ராத்தா, பேட்டரி போனா நேரம்தான் பிழையாக் காட்டும். டிஸ்க் செக் ஏன் வருது? ரெண்டு பேரு சொல்லுறம், நீங்க ஒரு வசனத்தப் புடிச்சிக்கிட்டு..."

"தம்பி, நீ அந்த வசனத்தப் பாத்தியா?"

"ஃபோட்டோவுல கடைசி ரெண்டு வரிதானே இரிந்திச்சி."

"ஓம். அது என்ட பிழை. மேல ஒரு வரி இரிக்கி. நான் ரெண்டு நாளைக்குச் சோதிச்சுப் பாக்கப் போறன். அதுக்குப் பிறகு கதைப்பம்."

அவன் பெருமூச்சு விட்டது கட்டாரிலிருந்து கேட்டது. "சோதிங்க, சோதிங்க. பிரதி எடுத்தீங்கதானே, அது காணும்" என்றான்.

எழுத்துகளைத் தட்டித் திறந்து, அன்று மிச்ச நேரம் முழுக்க வேலை செய்தேன். மஃரிபுக்கு முன் கணினியை நிறுத்தினேன். ஆனால் சுவர் சுவிட்சை அணைக்கவில்லை. ஆறு வருடத்தில் முதல் தடவை. என் எண்ணம் சரியென்றால், கரண்ட் தொடர்ந்து இருந்தால் கடிகாரம் மறக்காது, காலையில் நேரே திறக்க வேண்டும். சுவிட்சுக்கு மேலே ஒரு காகிதம் ஒட்டினேன்: தொட வேண்டாம்.

"இது என்ன புதுச் சட்டம்?" என்று கணவர் கேட்டார்.

"நாளைக்குச் சொல்லுறன் மச்சான். கரண்ட் போகாம இரிக்க துஆ செய்ங்க."

வியாழன் காலை. சுபஹுத் தொழுது, தேநீர்கூடக் குடிக்காமல் வந்து பொத்தானை அழுத்தினேன். எஃப் ஒன்று கேட்கவில்லை. கறுப்புத் திரை வந்து நிற்கவில்லை. நீலப் படம் நேரே வந்து நின்றது. ஒரு எழுத்துக்கூட நான் தட்டவில்லை.

மகிழ்ச்சியில் குதிக்கலாம் போல இருந்தது. ஆனால் ஒரு முறை சரியாக வந்தால் அது தற்செயல் என்று தம்பி சொல்வான் என்று தெரியும். டீச்சரின் நூலிலேயே இரண்டாம் அலகில் ஒரு பயிற்சி இருக்கிறது. ஒரு செடியை வெளிச்சத்தில் வை, இன்னொரு செடியை இருட்டில் வை, இரண்டையும் ஒப்பிடு. அந்த இரண்டு செடிகளையும் வரைந்தவள் நான். அன்று பின்னேரம் கணினியை நிறுத்தி, காகிதத்தைக் கழற்றி, சுவர் சுவிட்சை வேண்டுமென்றே அணைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை கணவரையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். "இப்ப பாருங்க, இது திறக்காது. கறுப்புத் திரையில நிக்கும். அதுல ஜனவரி ஒண்டாம் திகதி எண்டு காட்டும்" என்றேன்.

அழுத்தினேன். எஃப் ஒன்று கேட்டது. கறுப்புத் திரை வந்தது. நான் விரலை வைத்துக் காட்டிய இடத்தில் ஜனவரி முதலாம் திகதி.

கணவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பழுதாப் போனதுக்கு இப்பிடிச் சந்தோசப்படுற ஒரு ஆள நான் இண்டைக்குத்தான் காணுறன்" என்றார். நான் இரண்டு கையையும் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஜும்ஆத் தொழுகைக்குக் கடைகள் மூடுவதற்கு முன் அவருடைய மோட்டார் சைக்கிளில் பஸாருக்குப் போனோம். கணினிக் கடைக்குப் போகவில்லை. கைக்கடிகாரம் திருத்துகிறவர் ஒருவரின் கண்ணாடிப் பெட்டிக்கு முன் இறங்கினேன். கைத்தொலைபேசியில் பேட்டரியின் படத்தைக் காட்டியதும் ஓர் அட்டையிலிருந்து ஒன்றைப் பிய்த்துத் தந்தார். உள்ளங்கையில் வைத்தால் சட்டைப் பொத்தானை விடக் கொஞ்சம் பெரிசு.

வீட்டில் வயரைக் கழற்றி, பெட்டியின் பக்கத் தகட்டைத் திறக்கப் பார்த்தேன். கடல் காற்று என்று தம்பி சொன்னது அதில் உண்மைதான். இரண்டு திருகாணிகள் துருப் பிடித்து இறுகியிருந்தன. கணவர் உழவு மெஷினுக்கு விடும் எண்ணெயை ஒரு சொட்டு விட்டு அவற்றை இளக்கித் தந்தார். "உள்ளுக்கு நான் கை வைக்கல்ல. அது உங்கட பக்கம்" என்று எழுந்துகொண்டார்.

உள்ளே தூசு. அதை மெல்லத் துடைத்தேன். வட்ட பேட்டரி எனக்குக் கண்ணெதிரே இருந்தது, ஒரு சின்னக் கிண்ணத்தில் படுத்திருப்பதுபோல. பக்கத்தில் இருந்த கொளுக்கியை நகத்தால் தள்ளினேன், துள்ளி வெளியே வந்தது. "பிஸ்மில்லாஹ்" என்று புதியதை வைத்து அழுத்தினேன். 'டக்' என்று பிடித்துக்கொண்டது. தம்பி ஒன்றையும் தொடாதீங்க என்ற பெட்டியின் வயிற்றுக்குள் என் விரல் முதன்முதலில் போனது அன்றுதான். எனக்கே அது ஆச்சரியம்.

தகட்டை மூடி, வயர்களைப் பூட்டிப் போட்டேன். எஃப் ஒன்று கேட்ட இடத்தில் இப்போது அழுத்தி அனுப்பவில்லை. அதே வசனத்தில் பக்கத்திலேயே சொல்லியிருந்த, அமைப்புப் பக்கத்துக்குப் போகும் மற்றப் பொத்தானை அழுத்தி, உள்ளே போய், நாள், மாதம், வருடம், மணி என்று ஒவ்வொன்றையும் என் கையால் மாற்றினேன். சேமித்து வெளியே வந்தேன். நேரே திறந்தது. பின்னேரம் நிறுத்தி, சுவர் சுவிட்சை அணைத்தேன். அது போதாது என்று ப்ளக்கையும் பிடுங்கி மேசையில் வைத்தேன்.

சனிக்கிழமை காலை டீச்சர் கடைசிப் பக்கங்களோடு வந்துவிட்டார். நான் இன்னும் கணினியைப் போட்டிருக்கவில்லை. அவரையும் கதிரை போட்டு இருத்தினேன். கணவர் வாசலில் தோளைச் சாய்த்துக்கொண்டு நின்றார். ப்ளக்கைப் பூட்டினேன், சுவிட்சைப் போட்டேன், பொத்தானை அழுத்தினேன்.

நீலப் படம். மூலையில் அன்றைய நாளும் அந்த நிமிடமும்.

டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். சுவிட்சை ஒரு நாள் போட்டும் ஒரு நாள் அணைத்தும் பார்த்ததைச் சொன்னபோது அவர் கண் விரிந்தது. "தங்கச்சி, நான் முப்பது வருசம் படிப்பிச்சிருக்கன். ஒரு காரணத்த மட்டும் மாத்திப் பார் எண்டு தொண்டை கிழியக் கத்தியிருக்கன். சோதனையில மார்க்ஸ் எடுக்கத்தான் பிள்ளையள் அத எழுதுவாங்க. நீங்க செய்து காட்டியிருக்கீங்க" என்றார். எனக்கு உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படிக்க விருப்பம் இருந்தது. அந்தக் காலத்தில் வீட்டில் கலைப் பிரிவு போதும் என்றார்கள். அதை அவருக்குச் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்னதைக் கேட்ட அந்த நிமிடம் நான் நிமிர்ந்துதான் இருந்தேன்.

அன்று இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கங்களை முடித்தோம். ஞாயிற்றுக்கிழமை கோப்பு அச்சகத்துக்குப் போனது. தலைநோன்புக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

தம்பிக்கு அன்று பின்னேரம் அழைத்தேன். முழுத் திரையையும், மேலிருந்து கீழ்வரை, படமெடுத்து முன்பே அனுப்பியிருந்தேன். அவன் அதை மேலிருந்து வரிவரியாக வாசித்துவிட்டுப் பேசினான்.

"ராத்தா, இன்னும் ஒண்டு செய்ங்க. டிஸ்க்க சோதிக்கிற ஒரு புரோகிராம் அதுல இரிக்கி. ஓட விட்டுப் பாருங்க. டிஸ்க் உண்மையிலயே போகுதெண்டா அது சொல்லும்."

அவன் சொல்லச் சொல்ல எழுத்துகளைத் தட்டவில்லை. நானே தேடித் திறந்தேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடியது. முடிவில் டிஸ்க் நல்ல நிலையில் இருக்கிறது என்று வந்தது. அதையும் படமெடுத்து அனுப்பினேன்.

"நான் பிழை" என்று எழுதினான். பிறகு ஒரு குரல் செய்தி. "ராத்தா, நான் பொய்யாச் சொல்லல்ல. எங்கட ஒஃபிஸ்ல இது நடந்திருந்தா நாங்க டிஸ்க்க மாத்திட்டுப் போயிருப்பம். ஆரும் மேல வாசிச்சிருக்க மாட்டம். நான் உங்கள ஒண்டும் தொட வேணாமெண்டு சொன்னதே பிழை." அந்தச் செய்தியை நான் இன்னும் அழிக்கவில்லை. மனம் சோர்ந்தால் கேட்பேன்.

கல்முனைக்குப் போன ஒரு நாள் அந்தக் கடைக்காரருக்கும் சொன்னேன். அவரைக் குத்திக் காட்ட வேண்டும் என்று போகவில்லை. பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டும்போல இருந்தது. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மேசைக்குக் கீழே கிடந்த ஒரு பெட்டியைத் தூக்கி வைத்தார். "இதுவும் இதே கேஸ்தான் ராத்தா. பொத்துவில்ல இருந்து வந்த. டிஸ்க் எண்டுதான் சொல்லி வச்சிரிக்கன்." போட்டார். இருவரும் சேர்ந்து மேலிருந்து வாசித்தோம். அதிலும் ஒரு பழைய ஜனவரி. அவர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு வட்ட பேட்டரியை எடுத்தார்.

பெருநாள் கழிந்து தவணை தொடங்கியபோது புத்தகம் வந்தது. மை வாசத்தோடு முதல் பிரதியை டீச்சர் எனக்குத்தான் கொண்டுவந்து தந்தார். இருநூறு பக்கத்தையும் புரட்டினேன். எங்கும் ஒரு வரிகூட நகர்ந்திருக்கவில்லை.

கையோடு இன்னொரு செய்தியும் வைத்திருந்தார். அவர் முன்பு படிப்பித்த பாடசாலையில் கணினி அறை நீண்ட விடுமுறைக்குப் பூட்டிக் கிடந்ததாம். திறந்து பார்த்தால் எட்டுக் கணினிகள் எழும்பவில்லையாம். எல்லாம் பழுது என்று கழித்துவிடப் பார்க்கிறார்களாம்.

"அதிபரிட்ட உங்களப் பத்திச் சொல்லிட்டன். வருவீங்களா தங்கச்சி?"

"நான் கணினி படிச்ச ஆள் இல்ல டீச்சர்."

"வாசிக்கத் தெரிஞ்ச ஆள்தானே. வாங்க."

அடுத்த புதன்கிழமை ஒரு கைப்பையில் ஸ்க்ரூ டிரைவர், தூரிகை, ஒரு அட்டை வட்ட பேட்டரிகள், ஒரு கொப்பி, பேனை எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு போனேன். ஒவ்வொன்றாகப் போட்டு, திரை சொன்னதைக் கொப்பியில் எழுதினேன். மூன்று கணினிக்குப் பேட்டரிதான். ஒன்றுக்கு டிஸ்க் வயர் கழன்றிருந்தது. ஒன்று உண்மையிலேயே டிஸ்க் பழுது. அதையும் தெளிவாக எழுதிக் கொடுத்தேன். லுஹர் பாங்கு சொல்லும்போது நான்கு திரைகள் நீலமாக எரிந்துகொண்டிருந்தன. அதிபர் வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டு, போய்த் தேநீரும் பிஸ்கட்டும் அனுப்பி வைத்தார்.

வெளியே மோட்டார் சைக்கிளின் ஹோர்ன் கேட்டது. கணவர் கேட்டுக்கு அருகில் நின்று கையைக் காட்டினார்.

ஜன்னலால் எட்டிப் பார்த்து, "இன்னும் மூணு கிடக்கு மச்சான், அஸருக்கு வாங்க" என்றேன்.